கட்டற்ற இயங்குதளமும் தமிழும்: ஒரு வரலாற்று நோக்கு

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலச் செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே, பழுதேதும் இன்றி ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் ஒரே நாளில் பழையன ஆயின. சுபாங் ஜெயாவிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பள்ளி ஆசிரியர்களும் டியூஷன் நடத்துவோரும் பெற்றோரும் இன்று கேட்கும் கேள்வி இதிலிருந்து பிறந்ததே: லினக்ஸுக்கு மாறலாமா? மாறினால் தமிழ் எழுத முடியுமா?

முடியும் என்பதே விடை. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றுள் எதனை நிறுவினாலும் தமிழைப் படிக்கலாம், எழுதலாம், அச்சிடலாம். ஆயினும் அந்த ஒரு சொல் விடைக்குப் பின்னால் நாற்பதாண்டு வரலாறு உண்டு. அதில் மலேசியத் தமிழருக்குப் பெரும் பங்குண்டு; நாம் செய்யாது விட்ட ஒரு பணியும் உண்டு. தமிழைப் பொறுத்தவரை இயங்குதள மாற்றம் விலையைப் பற்றிய கேள்வியாக இருந்தது குறைவு. கணினிக்குள் வாழும் தமிழின் எழுத்தையும் சொல்லையும் வழக்கையும் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அதன் உட்கிடை. இவ்வுரை அதனையே தொடர்ந்து செல்கிறது.

முதலில் எழுத்து. முத்து நெடுமாறன் 1985இல் இம்மண்ணில் உருவாக்கிய 'முரசு' செயலி, தனியாள் கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' வழியாக இணையத்தில் தமிழை ஏற்றினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். தமிழ்நாட்டிலும் பல நிறுவனங்கள் எழுத்துருக்களை விற்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்துக்கொண்டதுதான் சிக்கல். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரையை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். கோலாலம்பூர் அச்சகத்தின் கோப்பு சென்னை அச்சகத்தில் படிக்க முடியாத ஒன்றாயிற்று. மொழி ஒன்று, அரிச்சுவடி ஒன்று. ஆயினும் எழுத்துருவை விற்றவரே அதனைத் திறக்கும் சாவியையும் வைத்திருந்தார்.

இந்நிலையை மாற்றியவை மாநாடுகள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' குறியீடுகளையும் அறிவித்தது. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டின்போது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. இதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு, மறுபாதியில் தமிழ் எழுத்துவடிவங்களை அமைத்த எளிய ஏற்பாடு அது. எந்த நிறுவனத்துக்கும் உரிமையற்றதாக, யாரும் எடுத்தாளத்தக்கதாக அது வெளியிடப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னாக்க அதனையே பின்னர்க் கையாண்டது. லினக்ஸ் என்ற பெயர் நம்மவரிடையே பரவுமுன்னரே, பொதுவுடைமையான ஒரு குறியீட்டைத் தமிழர் கூடிச் செய்திருந்தனர். பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே அடித்தளம்.

இனி, கட்டற்ற மென்பொருள் என்பதன் தோற்றத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்தவும், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள் அவர் நோக்கம். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் அதனோடு சேர, முழு இயங்குதளம் உருவாயிற்று.

இங்கே சொல்லாய்வு ஒன்று. ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் நிற்பதால், தாம் கூறுவது விடுதலையே என்று ஸ்டால்மன் வாழ்நாள் முழுதும் விளக்க வேண்டியதாயிற்று. மலாயில் அத்தொல்லை இல்லை. விடுதலை 'பெபாஸ்', விலையின்மை 'பெர்சுமா'. தமிழிலும் இல்லை. ஆயினும் தமிழ்த் தன்னார்வலர் 'இலவச மென்பொருள்' என்பதைத் தவிர்த்ததோடு, 'விடுதலை மென்பொருள்' என்பதிலும் நிலைக்காமல் 'கட்டற்ற மென்பொருள்' என்பதில் வந்து நின்றனர். என் மதிப்பீட்டில் இது மூலச்சொல்லினும் சிறந்தது. கட்டு என்பது தளையையும் குறிக்கும், விதித்த வரம்பையும் குறிக்கும்.

'இயங்குதளம்' என்பதும் அவ்வாறே கருதத்தக்கது. சிலர் 'இயக்குதளம்' என எழுதுவர். தமிழ்நாட்டுப் பாடநூல் 'இயக்க அமைப்பு' என்னும். இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. கணினியை இயக்குவது என்று நோக்கினால் இயக்குதளம். செயலிகள் தன்மேல் இயங்க இடம் தருவது என்று நோக்கினால் இயங்குதளம். இரண்டும் பிழையல்ல, பார்வையே வேறு. பொறியைத் தம் ஆட்சியில் வைத்திருப்போர் முன்னதையும், அதில் வாழ வந்தோர் பின்னதையும் விரும்பக்கூடும் என்று நான் வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் சிவகுமார் சண்முகசுந்தரம், துரையப்பா வசீகரன், கனடாவிலிருந்த வெங்கட்ரமணன் முதலியோர் 'தமிழ் லினக்ஸ்' முயற்சியில் இணைந்தனர். 1996இல் தொடங்கப்பட்டிருந்த கே.டி.இ. என்னும் வரைகலைச் சூழலைத் தமிழாக்குவது அவர்தம் முதற்பணி. அச்சூழல் நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் எழுதிய 'க்யூட்' நூலகத்தின்மேல் கட்டப்பட்டது. க்யூட்டுக்குத் திஸ்கி தெரியாது. இந்நிலையில் ஹான்ஸ் பீட்டர் பீக்கர் என்ற கே.டி.இ. தன்னார்வலர், திஸ்கியைக் கணினி புரிந்துகொள்வதற்கான மாற்றி நிரலை எழுதினார். நூலகத்தை ஆக்கிய நிறுவனம் அதனை ஏற்றுத் தன் நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது. தமிழரல்லாத ஒருவர், தமிழர் மின்னஞ்சலில் கூடிச் செய்த ஒரு குறியீட்டை, உலகெங்கும் வழங்கும் நூலகத்துக்குள் கொண்டு சேர்த்தார். திஸ்கி திறந்து கிடந்ததால் அவரால் படிக்க முடிந்தது. க்யூட்டின் நிரல் திறந்து கிடந்ததால் எழுத முடிந்தது. இரண்டில் ஒன்று மூடியிருப்பினும் இது நிகழ்ந்திராது.

அடுத்து வந்தது சொல்லாக்கம். ஆயிரக்கணக்கான சிறு தொடர்களைத் தமிழாக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்தோர் யாழ்ப்பாணத்தவர், தமிழ்நாட்டவர், புலம்பெயர்ந்தோர் எனப் பலர். கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்து அலுவலகங்களில் வழங்கிய 'கோப்பு' கணினிக்குள் எளிதாக நுழைந்தது. சாளரம், உலாவி, அடைவு ஆகியவையும் நிலைபெற்றன. 'கடவுச்சொல்' சுவையான சான்று. பாஸ்போர்ட்டைக் 'கடவுச்சீட்டு' என்போர்க்கு அது உடனே விளங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் 'கடப்பிதழ்' என்கிறோம். நம் வழக்கே முந்தியிருந்தால் அது 'கடப்புச்சொல்' ஆகியிருக்கலாம். கணினித்தமிழின் பெரும்பகுதிச் சொற்கள் எக்கழகத்தின் ஆணையாலும் நிலைபெறவில்லை. அந்த இரவில் அந்தத் தொடரை மொழிபெயர்த்தவர் யாரோ அவருடைய ஊர்வழக்கே நிலைத்தது. மொழியியலில் நிலைபேறு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

இதற்கிடையே ஒருங்குறி எனப்படும் யூனிகோடு வலுப்பெற்றது. 1991இன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்ததால், உயிர்மெய்கள் தனித்தனி இடம் பெறாமல் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து எழுத்தாகும் முறை வாய்த்தது. 'கொ' என்று எழுதினால் கணினி நினைவகத்தில் ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னரும் நிற்கும். திரையிலோ ஒற்றைக்கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரல் இல்லாவிடில் கொம்பு தனியே தொங்கும், அதனருகே ஒரு புள்ளிவட்டம் தோன்றும். தொடக்க கால லினக்ஸில் தமிழைக் கண்டவர்க்கு அக்காட்சி மறவாது.

2002 ஜூனில் வெளிவந்த க்னோம் 2.0 'பாங்கோ' என்னும் எழுத்தமைப்பு நூலகத்தோடு வந்தபின் நிலைமை சீரடைந்தது. 2004 அளவில் ரெட் ஹாட் நிறுவனம் 'லோகித்' எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. இன்று இப்பணியின் பெரும்பகுதியைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்'. அதன் பெயர் 'திறந்த எழுத்து' என்னும் பாரசீகச் சொற்சேர்க்கை. லினக்ஸை ஒருபோதும் தொடாதவரும் இதற்குக் கடமைப்பட்டவரே. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் நீங்கள் படிக்கும் தமிழை அடுக்கி நிறுத்துவது அதுவே.

மூடிய இயங்குதளங்கள் தமிழைப் புறக்கணித்தன என்று சொல்வது நேர்மையாகாது. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை 'லதா' எழுத்துருவோடு தந்தது. முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு 2005இல் வெளியான மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.4இலிருந்து ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றுள்ளது. மலேசியத் தமிழர் ஒருவரின் கைவண்ணம் உலகெங்கும் சென்றது நமக்குப் பெருமை. வேறுபாடு ஒன்றே. அங்கே நிறுவனம் இசைந்தால்தான் தமிழ் உள்ளே செல்லும். இங்கே திருத்தம் சரியாயிருந்து அத்திட்டத்தைப் பேணுவோர் ஏற்றால் போதும். அவர் ஏற்காவிடினும் நாமே திருத்தி நம்மவர்க்கு வழங்கத் தடையில்லை.

விசைப்பலகையிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. லினக்ஸில் 'ஐபஸ்' வழியாகத் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு இலங்கையின் ரங்கநாதன் அமைப்பும் பட்டியலில் நிற்கும். வாணிகக் கணக்குப் பார்த்தால் இத்தனையும் தருவது வீண்செலவு. எவருக்கோ வேண்டியிருந்தது, ஒருவர் எழுதிச் சேர்த்தார், அதனால் இருக்கிறது. மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99. அதில் ஒரே மெய்விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானே விழும். 'க்க', 'ப்ப' என வரும் இரட்டித்தல் தமிழில் எத்துணை இயல்பானது என்பதை அறிந்தோர் அமைத்த பலகை அது.

அரசுகள் என்ன செய்தன? அண்டை மாநிலமாகிய கேரளம் 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைச் சில ஆண்டுகளில் முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தது, தேர்வையும் அதிலேயே நடத்தியது. மலையாளக் கணிமைத் தன்னார்வலர் குழுவும் உடன் வளர்ந்தது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராயிருந்த சி. உமாசங்கர் காலத்தில், 2006க்குப் பின், அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறி ஏனைய துறைகளையும் மாற்ற முயன்றது. 2010 ஜூனில் கோயம்புத்தூர்ச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியை ஏற்கும் அரசாணை வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டது. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ஆசிரியர் அறிந்ததையே மாணவர் திறப்பர். கேரளம் முதலில் ஆசிரியரை மாற்றியது, பின்னர்ப் பெட்டியை. தமிழ்நாடு பெட்டியைத் தந்தது. இரண்டு அண்டை மாநிலங்களின் வேறுபட்ட முடிவுகளுக்கு இதனினும் நல்ல விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

மலேசியாவும் பின்தங்கியதன்று. 2004இல் 'மாம்பு' எனப்பட்ட அரசு நிர்வாக நவீனமயப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. 'சும்பர் தெர்புக்கா' என்ற சொற்சேர்க்கை அரசுச் சுற்றறிக்கைகளில் இடம்பெற்றது. ஆனால் அத்திட்டத்தின் பார்வை அரசு அலுவலகத்தின்மேல் இருந்தது. வகுப்பறை அதன் மையமன்று. அங்கும் மலாய், ஆங்கில இடைமுகங்களே பேசப்பட்டன. தமிழைக் கேட்டு யாரும் அவ்வாயிலில் நின்றதாகத் தெரியவில்லை. மற்றொரு காரணமும் உண்டு, அதனை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தொண்ணூறுகளிலும் அதன்பின் நெடுநாளும் கோலாலம்பூர் வணிக வளாகங்களில் எந்த மென்பொருளும் சில வெள்ளிக்குக் கள்ளப்படியாகக் கிடைத்தது. விலை உறைக்காத இடத்தில் 'இது இலவசம்' என்ற வாதம் எடுபடாது. கட்டற்ற மென்பொருளுக்கு இந்நாட்டில் போட்டியாக நின்றது விற்பனை மென்பொருள் என்பதைவிடக் கள்ளப்படி என்பதே பொருந்தும்.

இன்று மாறுவோர் எதிர்நோக்க வேண்டியவை சில. இடைமுகத்தைத் தமிழில் வைத்தால் ஒரு பட்டியல் தமிழிலும் அடுத்தது ஆங்கிலத்திலும் தோன்றும். மென்பொருள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட, தமிழாக்கம் அவ்வேகத்தில் தொடரவில்லை. முதல் தலைமுறைத் தன்னார்வலர் குடும்பம், தொழில் என விலகியபின் அவர்தம் இடம் பலவற்றில் வெறுமையாகவே உள்ளது. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழும் அதனைச் சூழ்ந்த இளைஞரும் தளராது உழைப்பது ஆறுதல். இரண்டாவது, பழைய ஆவணங்கள். பள்ளி ஆண்டு மலர்களும் வினாத்தாள்களும் பழைய எழுத்துருக் குறியீடுகளில் தேங்கிக் கிடப்பவர்க்கு 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு கைகொடுக்கும். பல்வகைக் குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி அதிலுண்டு. தொண்ணூறுகளின் மூடிய எழுத்துருக்கள் பூட்டிச்சென்றவற்றை இப்போது திறந்து தருவது இதுவே. மூன்றாவது, வன்பொருள். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் பொருந்துமா என்பதை நிறுவுமுன் யு.எஸ்.பி. விரலியிலிருந்து இயக்கிச் சோதிப்பது நன்று.

இனி நாம் செய்யாது விட்டது. லினக்ஸை நிறுவுகையில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் அது நாட்டையும் கேட்கும். லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய 'ஜிலிப்சி'யில் தமிழுக்கு உள்ள வட்டார வழக்குக் கோப்புகள் இரண்டே: தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை. தமிழ்–மலேசியா இல்லை, தமிழ்–சிங்கப்பூரும் இல்லை. ஒருங்குறி மன்றத்தின் பொதுத் தரவகமோ நான்கையும் கொண்டிருக்கிறது. ஆகவே சுபாங் ஜெயாவில், முன்னாள் சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்த வீடொன்றில் கணினியைத் தமிழில் வைக்கும் மாணவி, அக்கணினிக்கு இந்தியக் குடியாகிறாள். பணம் ரூபாயில் வருகிறது. பத்து இலட்சத்தை அது இந்திய முறையில் 10,00,000 எனப் பிரிக்கிறது. நாமோ 1,000,000 எனப் பிரித்து ஒரு மில்லியன் என்கிறோம். தமிழ் வேண்டுமா, மலேசிய வழக்கு வேண்டுமா என இரண்டில் ஒன்றைத் தேரச் சொல்கிறது அந்த அட்டவணை. தமிழாசிரியர் யாரும் அத்தகைய வினாவைத் தேர்வில் கேட்கமாட்டார்.

இக்குறையைத் தீர்க்க எந்நிறுவனத்திடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வட்டாரக் கோப்பு என்பது எளிய உரைக்கோப்பு. கிழமைகளும் மாதங்களும் நாணயமும் எண்பிரிப்பும் தாளளவும் தொலைபேசிக் குறியும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பகுதியைத் தமிழ்–இந்தியா கோப்பிலிருந்தும் மலாய்–மலேசியா கோப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கணினிப் பயிற்சியுள்ள இடைநிலைப்பள்ளி மாணவர் இருவர் ஒரு வார இறுதியில் எழுதி, அந்நூலகத்தைப் பேணுவோர்க்கு அனுப்பிவிட முடியும்.

அவர்கள் தாமே முடிவு செய்ய முடியாத வரிகள் நான்கைந்து உண்டு. அவற்றுக்கு ஆசிரியரும் மொழி மன்றமும் தேவை. மாதப் பெயர் ஜனவரியா, சனவரியா? வாரத்தின் முதல்நாள் ஞாயிறா, திங்களா? கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. கோப்பில் எழுதக்கூடியது ஒரே நாள். நாணயப் பெயரோ எல்லாவற்றினும் சிக்கலானது. அலுவலிலும் செய்தியிலும் 'ரிங்கிட்' என்கிறோம், கடைத்தெருவில் 'வெள்ளி' என்கிறோம். வெள்ளி என்று எழுதினால் அதே கோப்பில் சில வரிகளுக்கு மேல் அதே சொல் கிழமையின் பெயராகவும் நிற்கும்.